விற்பனை அழைப்புக்கு எந்த டயலர்: கிளிக் முதல் பிரெடிக்டிவ் வரை ஓர் ஒப்பீடு

எண்களை அழைத்து இணைத்துத் தரும் இணையவழி டயலர் மென்பொருளை வாங்க நினைக்கும் விற்பனைக் குழுவின் முன்னால் முதலில் வந்து விழுவது, ஒரு மணி நேரத்தில் அது எத்தனை எண்களை அழைக்கும் என்ற கணக்குதான். விற்க வருபவர் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறார். வாங்குபவரும் அதை வைத்தே ஒன்றை மற்றொன்றோடு எடைபோடுகிறார். என் பார்வையில் இந்தத் தேர்வுக்கு அது மிகப் பலவீனமான அளவுகோல். ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்கார்ந்து அழைக்கப் போகிறார்கள், பட்டியலில் உள்ள ஒரு பெயர் கைநழுவினால் எவ்வளவு இழப்பு, ஓர் உரையாடல் சராசரியாக எத்தனை நிமிடம் நீள்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், எந்த வகை டயலர் என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும்.

சந்தையில் பல பெயர்களில் விற்றாலும், அழைக்கும் முறை என்று பார்த்தால் நான்கு வகைதான் உண்டு. முதலாவது, திரையில் தெரியும் எண்ணைச் சொடுக்கினால் மட்டுமே அழைக்கும் கிளிக் டயலர். எப்போது, யாரை அழைப்பது என்பது முழுக்க அழைப்பாளரின் கையில் இருக்கிறது. இரண்டாவது, பட்டியலை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஓர் அழைப்பு முடிந்ததும் அடுத்த எண்ணைத் தானே அழைக்கும் பவர் டயலர். இதில் ஒருவருக்கு ஒரு இணைப்பு என்ற விகிதம் மாறாது. மூன்றாவது, ஒரே அழைப்பாளருக்காக இரண்டு முதல் ஐந்து எண்கள் வரை ஒரே நேரத்தில் மணியடிக்கச் செய்து, முதலில் எடுப்பவரை இணைத்துவிட்டு மற்றவற்றைத் துண்டிக்கும் பல இணைப்பு டயலர். நான்காவது, யார் எப்போது பேசி முடிப்பார்கள் என்பதை முன்கூட்டியே கணித்து, அழைப்பாளர் ஓய்வாவதற்கு முன்பே எண்களை அழைக்கத் தொடங்கிவிடும் பிரெடிக்டிவ் டயலர். மற்ற பெயர்கள் எல்லாம் இந்த நான்கின் கலவைகளே.

மிச்சமாகும் நேரம் உண்மையில் எவ்வளவு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அழைக்கும் 100 எண்களில் 20 பேர் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடுக்கப்படாத அழைப்பு 30 விநாடி மணியடிக்கிறது. எண்ணைப் பார்த்து அழுத்துவதற்கு 15 விநாடி, பலன் என்ன என்று குறித்துவைப்பதற்கு 15 விநாடி ஆகிறது. கையால் அழைப்பவருக்கு எடுக்கப்படாத ஒவ்வோர் அழைப்பும் ஒரு நிமிடத்தைத் தின்றுவிடுகிறது. ஐந்தில் ஒன்றுதான் எடுக்கப்படுகிறது என்பதால், ஓர் உரையாடலுக்கு முன் சராசரியாக 4 நிமிடம் வீணாகிறது. பவர் டயலரில் எண்ணை அழுத்தும் வேலையும் "எடுக்கவில்லை" என்று குறிக்கும் வேலையும் மென்பொருளுக்குப் போய்விடுவதால் மிஞ்சுவது மணியடிக்கும் நேரம் மட்டும். ஆக 2 நிமிடம். மூன்று எண்களை ஒன்றாக அழைக்கும் டயலரில், ஒரு தொகுதியில் யாராவது ஒருவர் எடுப்பதற்கான வாய்ப்பு 49 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்பதால், வீணாகும் நேரம் அரை நிமிடத்தை ஒட்டிக் குறைந்துவிடுகிறது.

4 நிமிடம் அரை நிமிடமாகிறது என்றால் எட்டு மடங்கு லாபம் என்று தோன்றும். விற்பவர்களின் விளம்பரங்களில் வரும் எண்ணும் இப்படித்தான் பிறக்கிறது. ஆனால் உரையாடலையும் சேர்த்துக் கணக்கிட்டால் படம் மாறிவிடும். பேச்சு 5 நிமிடமும், அதற்குப் பிந்தைய குறிப்பெழுதும் வேலை ஒரு நிமிடமும் எடுத்துக்கொள்ளும் குழுவில், கையால் அழைப்பவர் மணிக்கு 6 உரையாடல் முடிக்கிறார். பவர் டயலரில் 7 அல்லது 8. மூன்று இணைப்பு டயலரில் 9. எட்டு மடங்கு என்றது ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிட்டது. அதே சமயம், பேச்சும் குறிப்பும் சேர்த்தே ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும் வேலையாக இருந்தால், அதாவது ஒரு கேள்வி கேட்டு ஆம் இல்லை என்று பதில் வாங்கும் அழைப்பாக இருந்தால், கையால் 11, பவர் டயலரில் 17, மூன்று இணைப்பில் 30 என்று ஏறுகிறது. பேச்சு நீளமான இடத்தில் டயலரின் வேகம் பெரிய பலன் தராது என்பதும், பேச்சு குறுகிய இடத்தில்தான் அது உண்மையிலேயே பணமாகிறது என்பதும் இதிலிருந்து தெளிவாகும்.

எனவே எந்த மென்பொருளையும் பார்ப்பதற்கு முன், குழுவின் கடந்த ஒரு மாத அழைப்புப் பதிவுகளை எடுத்து, எடுக்கப்பட்ட விகிதத்தையும் சராசரிப் பேச்சு நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. மேலே சொன்ன கணக்கில் அந்த எண்களைப் பொருத்திப் பார்த்தாலே, கூடுதல் விலை கொடுத்து வேகத்தை வாங்குவதில் பொருள் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பிரெடிக்டிவ் டயலரும் குழுவின் அளவும்

நான்கில் மிக அதிகம் விளம்பரப்படுத்தப்படுவதும், சிறு குழுக்கள் மிக அதிகமாகக் கையைச் சுட்டுக்கொள்வதும் பிரெடிக்டிவ் டயலரில்தான். இதன் அடிப்படை, டென்மார்க்கைச் சேர்ந்த ஏ. கே. எர்லாங் 1909இலும் 1917இலும் தொலைபேசி நிலையங்களுக்காக வகுத்த நெரிசல் கணிதம். தனித்தனி அழைப்பு எப்போது வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது; ஆனால் பெரிய எண்ணிக்கையில் சேர்த்துப் பார்த்தால் அவற்றின் போக்கை நெருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்த "பெரிய எண்ணிக்கை" என்ற நிபந்தனைதான் சிறு குழுவில் இல்லாமல் போகிறது.

மீண்டும் 20 சதவீதம் பேர் எடுக்கும் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஓர் அழைப்பாளருக்காக 4 எண்களை அழைத்து, எடுப்பவர் எவரையும் துண்டிக்காமல் இணைக்க முயன்றால், சராசரியாக 0.8 பேர் எடுப்பார்கள். ஆனால் ஒருவரோடு மட்டுமே பேச முடியும் என்பதால், எடுத்தவர்களில் ஏறத்தாழ 26 சதவீதம் பேருக்கு மறுமுனையில் ஆள் இருக்காது. இதே விகிதத்தில் 20 அழைப்பாளர்களுக்காக 80 எண்களை அழைத்தால், சராசரியாக 16 பேர் எடுப்பார்கள். ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டாலும் ஆளில்லாமல் போவது 2 சதவீதத்துக்கும் கீழே நிற்கும். மென்பொருள் அதே, விகிதம் அதே. மாறியது குழுவின் அளவு மட்டும். மென்பொருள் அறிவுள்ளதாக இருந்தால் சிறு குழுவில் தானாகவே விகிதத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைத்துக் குறைத்து வந்து நிற்கும் இடம் ஒருவருக்கு ஒரு இணைப்பு, அதாவது பவர் டயலர். அப்படியானால் பிரெடிக்டிவ் வசதிக்காகக் கொடுத்த கூடுதல் பணம் எதற்கு என்ற கேள்விக்கு விற்பவரிடம் நல்ல பதில் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆளில்லாத அழைப்பு என்பது வெறும் நாகரிகக் குறைவு அல்ல. அமெரிக்காவின் தொலைவழி விற்பனை விதிகளில், அழைக்கப்பட்டவர் வணக்கம் சொல்லி முடித்த 2 விநாடிக்குள் விற்பனையாளரோடு இணைக்கப்படாத அழைப்பு கைவிடப்பட்ட அழைப்பாகக் கருதப்படும். ஒரு பிரச்சாரத்தில் 30 நாள் காலத்தில், மனிதர் எடுத்த அழைப்புகளில் இவை 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எடுக்கப்படாத அழைப்பையும் 15 விநாடிக்கோ நான்கு மணியடிப்புக்கோ முன்னதாகத் துண்டிக்கக்கூடாது. நிறுவனங்களுக்கு விற்கும் அழைப்புகள் பெரும்பாலும் இந்த விதிக்கு வெளியே நிற்கின்றன என்றாலும், தனிநபர்களை அழைக்கும் குழுவுக்கு இது தலைக்கு மேல் தொங்கும் கத்திதான். பிரிட்டனில், எடுத்தால் மறுமுனையில் யாரும் பேசாத மௌன அழைப்புகளுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 20 லட்சம் பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். மேலே கண்ட 26 சதவீதத்தை இந்த 3 சதவீதத்தோடு சேர்த்துப் பார்த்தால், ஒருவரோ இருவரோ அழைக்கும் இடத்தில் பிரெடிக்டிவ் டயலர் ஏன் பேச்சுக்கே இடமில்லாத தேர்வு என்பது விளங்கும்.

இதனோடு ஒட்டிக்கொண்டு வருவது பதில் இயந்திரத்தைக் கண்டறியும் வசதி. பல டயலர்களுக்கு அடித்தளமாக இருக்கும் ஆஸ்டெரிஸ்க் என்ற திறந்த மூல மென்பொருளில் இதன் இயல்பு அமைப்பைப் பார்த்தால் வேலை செய்யும் விதம் புரியும். மறுமுனையில் முதல் பேச்சு 1500 மில்லிவிநாடியைத் தாண்டினால் அது இயந்திரம்; அதற்குள் பேச்சு நின்று 800 மில்லிவிநாடி அமைதி நிலவினால் அது மனிதர்; எதுவும் தெளிவாகாவிட்டால் 5 விநாடியில் ஆய்வு முடிந்துவிடும். வீட்டில் இருப்பவர் "ஹலோ" என்கிறார்; அவர் காதில் விழுவது அந்த அமைதியும், அதன் பிறகு அழைப்பாளருக்கு மாற்றப்படும் இடைவெளியும். இரண்டாவது முறை "ஹலோ" சொல்லும்போது அவர் குரலில் எரிச்சல் ஏறியிருக்கும்; மூன்றாவது முறைக்கு அவர் காத்திருப்பதில்லை. அலுவலகங்களை அழைக்கும்போது நிலைமை இன்னும் மோசம். வரவேற்பில் இருப்பவர் நிறுவனத்தின் பெயரையும் தன் பெயரையும் சொல்லி "என்ன உதவி வேண்டும்" என்று கேட்டு முடிப்பதற்குள் ஒன்றரை விநாடி தாண்டிவிடுகிறது. மென்பொருள் அவரை இயந்திரம் என்று முடிவுகட்டித் துண்டித்துவிடுகிறது. மரியாதையாகப் பதில் சொல்பவர்களைத் தேடித் தேடித் தள்ளிவிடும் இந்த ஏற்பாட்டை, நிறுவனங்களுக்கு விற்பவர்கள் முதல் நாளே அணைத்துவைப்பது உத்தமம்.

பவர் டயலரும் கிளிக் டயலரும்

சிறு குழுவுக்கு மிஞ்சும் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். பவர் டயலரில் ஒரு நபருக்கு ஒரே அழைப்பு என்பதால் ஆளில்லாத அழைப்பு என்ற சிக்கலே எழுவதில்லை. மணியடிக்கும்போதே, அழைக்கப்படுபவரின் பெயர், நிறுவனம், கடந்த முறை பேசியதன் குறிப்பு எல்லாம் திரையில் வந்துவிடுகின்றன. 20, 30 விநாடி மணியடிப்பு அவற்றைப் படிப்பதற்குப் போதும். எடுக்கவில்லையென்றால் முன்பே பதிவு செய்துவைத்த செய்தியை வாய்ஸ்மெயிலில் விட்டுவிட்டு, அது ஓடி முடிவதற்குக் காத்திராமல் அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம். இந்தக் கடைசி வசதியைச் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். முன்பதிவுக் குரலுக்குப் பல நாடுகளில் தனி விதிகள் உண்டு. மணியே அடிக்காமல் வாய்ஸ்மெயிலில் நேரடியாகப் போய் விழும் செய்தியும் அழைப்புதான் என்று அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி 2022இல் தெளிவுபடுத்திவிட்டது.

கிளிக் டயலரின் இடம் வேறு. பட்டியலில் மொத்தமே 200 பெயர்கள்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றும் பல மாத வருமானத்துக்குச் சமம் என்றால், அழைப்பதற்கு முன் அந்த நிறுவனத்தைப் பற்றி ஐந்து நிமிடம் படிப்பதே வேலையின் முக்கியப் பகுதி. அங்கே பவர் டயலர் அடுத்த எண்ணைத் தள்ளிக்கொண்டே இருப்பது இடைஞ்சலாகிவிடும். பவர் டயலரிலேயே முன்பார்வை என்ற அமைப்பு உண்டு. திரை முதலில் வரும், அழைப்பாளர் பொத்தானை அழுத்தினால்தான் அழைப்பு போகும், வேண்டாமென்றால் அடுத்த பெயருக்கு நகரலாம். வாங்கும்போது இந்த அமைப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால், ஒரே மென்பொருளில் இரண்டு வகைப் பட்டியலையும் கையாள முடியும். நாளின் முதல் பாதியில் முன்பார்வையோடு பெரிய வாடிக்கையாளர்களையும், மறுபாதியில் தானியங்கி வரிசையில் பழைய விசாரணைகளையும் அழைக்கும் குழுக்களுக்கு இது வசதியான ஏற்பாடு.

பல இணைப்பு டயலரின் மறைமுக விலை

மூன்று எண்கள் மணியடிக்கின்றன, ஒருவர் எடுக்கிறார், மற்ற இரண்டும் துண்டிக்கப்படுகின்றன. அந்த இருவரின் கைபேசியில் தவறிய அழைப்பு என்று பதிவாகிறது. அவர்களில் ஒருவர் அடுத்த நிமிடமே திருப்பி அழைக்கிறார். அப்போது அழைப்பாளர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். திரும்பி வரும் அழைப்பு யாரிடம் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்யாத குழுவில், ஆர்வத்தோடு தானாகவே அழைத்த ஒரே வாடிக்கையாளர் பதிவுக்குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். பல இணைப்பு டயலர் வாங்குபவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இதுதான்.

இன்னொரு விலை, எண்ணின் நற்பெயர். கைபேசித் திரையில் "ஸ்பேம்" என்று வரும் எச்சரிக்கை, பெரும்பாலும் அழைப்பு முறைகளை ஆராயும் நிறுவனங்களின் கணிப்பிலிருந்து வருகிறது; அமெரிக்கச் சேவையாளர்களுக்கு ஹையா, ஃபர்ஸ்ட் ஓரியன், டிஎன்எஸ் போன்றவை இந்தச் சேவையைத் தருகின்றன, ட்ரூகாலர் போன்ற செயலிகள் பயனர்களின் புகார்களையும் சேர்த்துக்கொள்கின்றன. ஒரே எண்ணிலிருந்து குறுகிய நேரத்தில் ஏராளமான அழைப்புகள், அவற்றில் பெரும்பாலானவை சில விநாடிகளில் முடிந்துவிடுகின்றன என்பது இவற்றின் கண்ணில் முதலில் படும் அடையாளம். பல இணைப்பு டயலர் உருவாக்குவது துல்லியமாக இதே அடையாளத்தைத்தான். எச்சரிக்கை ஒட்டிக்கொண்டதும் எடுப்பவர்களின் விகிதம் சரிகிறது. சரிவை ஈடுகட்ட இன்னும் அதிக இணைப்புகளைத் திறக்கிறார்கள். அது எச்சரிக்கையை மேலும் உறுதியாக்குகிறது.

இதற்கு மருந்தாக, அழைக்கப்படுபவரின் பகுதிக் குறியீட்டிலேயே தொடங்கும் எண்ணைக் காட்டும் வசதியும், எண்களை மாற்றிக்கொண்டே இருக்கும் வசதியும் விற்கப்படுகின்றன. உங்களுக்கே சொந்தமான, திருப்பி அழைத்தால் எடுக்கக்கூடிய எண்ணைக் காட்டுவது வேறு. இல்லாத எண்ணைக் காட்டுவது வேறு. பின்னதைத் தடுப்பதற்காகவே அமெரிக்காவில் அழைப்பு எண்ணை மின்னணுக் கையொப்பத்தால் உறுதிப்படுத்தும் ஸ்டிர் ஷேக்கன் முறை 2021 ஜூன் 30 முதல் பெரிய சேவையாளர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. இதில் வாடிக்கையாளரையும், அந்த எண்ணைப் பயன்படுத்த அவருக்குள்ள உரிமையையும் சேவையாளர் நேரடியாக அறிந்திருந்தால் ஏ என்ற உயர்ந்த சான்று கிடைக்கும். இல்லையேல் பி அல்லது சி. இந்தியாவிலோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின் கீழ் விளம்பர அழைப்புகளுக்கென 140 என்று தொடங்கும் தனி எண் வரிசையே இருப்பதால், உள்ளூர் எண்ணைக் காட்டும் வசதிக்கு அங்கே பயனே இல்லை. எந்த நாட்டுக்கு அழைக்கிறீர்களோ அந்த நாட்டின் விதியில் செல்லாத வசதிக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் குறைவல்லர்.

குரல் போகும் வழி

அழைக்கும் முறையைப் பற்றி வாரக்கணக்கில் விவாதிக்கும் குழுக்கள், குரல் எந்த வழியாகப் போகிறது என்பதை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகின்றன. வாடிக்கையாளரின் காதில் விழுவது அதுதான் என்பதால் இங்கே சற்று நிற்கலாம்.

வழிகள் மூன்று. பிரவுசரிலேயே பேசும் வெப்ஆர்டிசி. கணினியில் நிறுவும் தொலைபேசி மென்பொருளான சாப்ட்போன் அல்லது இணையம் வழியே பேசும், மேசையில் வைக்கும் ஐபி தொலைபேசி. டயலர் முதலில் உங்கள் கைபேசியை அழைத்து, பிறகு வாடிக்கையாளரை அதனோடு இணைக்கும் முறை. பிரவுசர் வழியில் நிறுவ எதுவும் இல்லை. குரலைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் என்ற குறியாக்கம் இணையம் தடுமாறும்போதும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் ஐம்பது தாவல்களைத் திறந்துவைத்திருக்கும் பழைய கணினியில் குரல் உடைவது நிச்சயம். ஐபி தொலைபேசி இந்தச் சுமையைத் தானே தாங்கிக்கொள்ளும். நாள் முழுதும் ஒரே இடத்தில் அமர்ந்து பேசும் குழுவுக்கு இன்றும் அதுவே நம்பகமானது. கைபேசிக்கு இணைக்கும் முறையில் இணையத்தின் தரம் பொருட்டே இல்லை. பயணத்தில் இருப்பவர்களுக்கு ஏற்றது. ஆனால் ஒவ்வோர் அழைப்புக்கும் இரண்டு தொலைபேசிக் கட்டணம் ஓடும்.

இணைய வேகம் போதுமா என்ற கவலை பெரும்பாலும் தேவையற்றது. மிக அதிக இடம் எடுக்கும் ஜி.711 குறியாக்கத்தில்கூட ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட்தான். 20 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 2 மெகாபிட்டை எட்டாது. ஜி.729 என்றால் அதில் பாதிக்கும் குறைவு. உண்மையான எதிரி தாமதமும் தாமதத்தின் ஏற்ற இறக்கமும். ஒரு திசையில் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பதே நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை; அதைத் தாண்டத் தொடங்கினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கள்" என்று விட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள். விலையைச் சொல்லும் தருணத்தில் இது நடந்தால் தயக்கமாகவே மறுமுனைக்குத் தெரியும். டயலர் நிறுவனத்தின் குரல் சேவையகம் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று கேட்பது அதனால்தான் அவசியம். அழைப்பவரும் எடுப்பவரும் ஒரே நகரில் இருந்தாலும், சேவையகம் கடல் கடந்து இருந்தால் குரல் அங்கே போய்த்தான் திரும்பும்.

அலுவலகத்துக்குள் செய்ய வேண்டியவை எளியவை: வைஃபைக்குப் பதிலாகக் கம்பி இணைப்பு; ஐபி தொலைபேசி வைத்திருந்தால் ரூட்டரில், இணையவழி அழைப்புகளை இணைக்கும் எஸ்ஐபி நெறிமுறையில் தலையிடும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பை அணைத்துவைப்பது; புளூடூத்துக்குப் பதில் யூஎஸ்பி ஹெட்செட். அழைப்பு இணைகிறது, ஆனால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கவில்லை என்ற பழைய புகாரில் பெரும்பாலும் குற்றவாளி அந்த ஏஎல்ஜியும் ரூட்டர் செய்யும் இணைய முகவரி மாற்றமும்தான்.

மாதச் சந்தாவா, சொந்த சேவையகமா

ஆள் ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டும் கிளவுட் சேவை ஒரு பக்கம். ஆஸ்டெரிஸ்க் மேல் கட்டப்பட்ட விசிடயல் போன்ற திறந்த மூல மென்பொருளை நிறுவி, எஸ்ஐபி இணைப்பை நிமிடக் கணக்கில் வாங்குவது மறுபக்கம். விசிடயலில் நான்கு முறைகளும் உண்டு, மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை, 100 பேர் உட்கார்ந்தாலும் சந்தா ஏறாது. ஆனால் நள்ளிரவில் தரவுத்தளம் நிரம்பிவிட்டால் எழுந்து பார்க்க ஆள் வேண்டும். பாதுகாப்பு தளர்ந்த எஸ்ஐபி சேவையகத்துக்குள் யாராவது புகுந்து, விலை உயர்ந்த வெளிநாட்டு எண்களை இரவு முழுதும் அழைத்துவிட்டுப் போகும் மோசடி இன்றும் நடப்பதுதான். முழுநேரத் தொழில்நுட்ப ஆள் இல்லாத குழு இந்த வழியில் இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது. இருபது முப்பது பேருக்கு மேல் போய், அப்படி ஓர் ஆளும் இருக்கிறார் என்றால் கணக்கு தலைகீழாக மாறும்.

நிமிடக் கட்டணத்தை ஒப்பிடும்போது விலையை மட்டும் பார்த்தால் போதாது. எந்த அலகில் முழுமையாக்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 62 விநாடி பேசிய அழைப்புக்கு, 60 விநாடி அலகில் கணக்கிடுபவர் 120 விநாடிக்கும், 6 விநாடி அலகில் கணக்கிடுபவர் 66 விநாடிக்கும் பணம் வாங்குவார். எடுத்தவுடன் வைத்துவிடும் அழைப்புகள் நிறைந்த விற்பனை வேலையில், நிமிட விலை குறைவாகச் சொன்னவரே மாத முடிவில் அதிகம் வாங்கியிருப்பார். மேலும், 6 விநாடிக்குள் முடியும் அழைப்புகளின் பங்கு ஒரு வரம்பைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் போடும் சேவையாளர்கள் உண்டு. பல இணைப்பு, பிரெடிக்டிவ் முறைகளுக்கு இந்த விதி நேராக வந்து அடிக்கும். ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் இதைத் தேடிப் படித்துவிட வேண்டும்.

வாடிக்கையாளர் விவரங்களைச் சேர்த்துவைக்கும் சிஆர்எம் மென்பொருளுக்குள்ளேயே வரும் டயலரா, தனி டயலரா என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. குழு ஏற்கெனவே ஒரு சிஆர்எம் பயன்படுத்துகிறது, அதிலுள்ள டயலரில் வரிசையாக அழைக்கும் வசதியும் இருக்கிறது என்றால் அதுவே போதும். தனி டயலர் வாங்கினால், "இனி அழைக்க வேண்டாம்" என்று ஒருவர் சொன்னது இரண்டு இடங்களிலும் பதிவாகிறதா என்பதை மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் பதிவாகி மற்றோரிடத்தில் பதிவாகாத ஒரு பெயரே புகாருக்கும் அபராதத்துக்கும் போதும்.

அழைப்பைப் பதிவு செய்வதிலும் இதே கவனம் வேண்டும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் பேசும் எல்லோரின் ஒப்புதலும் தேவை. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதியின்படி குரல் பதிவும் தனிநபர் தரவே. வங்கி அட்டை எண்ணைத் தொலைபேசியில் வாங்கும் குழுவானால், அந்தச் சில விநாடிகளுக்குப் பதிவை நிறுத்திவைக்கும் பொத்தான் இல்லாத மென்பொருளைத் தொடவே வேண்டாம்.

யாருக்கு எது, எப்படிச் சோதிப்பது

பத்துப் பேருக்குக் குறைவான குழு, பேச்சு மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் நீளும் வேலை என்றால், முன்பார்வை வசதியுள்ள கிளவுட் பவர் டயலரைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டியல் மிகச் சிறியது, ஒவ்வொரு பெயரும் விலைமதிப்புள்ளது என்றால் அதுவும் வேண்டாம். சிஆர்எம்முடன் வரும் கிளிக் டயலர் போதும். பல இணைப்பு டயலருக்கு நியாயம் இருப்பது, எடுப்பவர்களின் விகிதம் பத்து சதவீதத்துக்கும் கீழே விழுந்து, பேச்சும் குறுகியதாக இருக்கும் இடத்தில் மட்டும். அங்கும் இரண்டு இணைப்புக்கு மேல் போகாமல், திருப்பி அழைப்பவர்களை வாங்க ஒருவரைத் தனியாக வைத்திருக்க வேண்டும். பிரெடிக்டிவ் என்பது இருபது பேருக்கு மேல் ஒரே பட்டியலை ஒரே நேரத்தில் அழைக்கும் கூடத்துக்கு உரியது; எந்த அழைப்பாளர் பேசினாலும் ஒன்றுதான் என்ற தன்மையுள்ள பட்டியலாகவும் அது இருக்க வேண்டும்.

இரண்டு மென்பொருள்களுக்கு இடையே தயக்கம் இருந்தால், இலவசச் சோதனைக் காலத்தில் ஒரே பட்டியலைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரே ஆட்களை நாள் மாற்றி நாள் இரண்டிலும் அழைக்கவைப்பதே நேர்மையான வழி. புதிய பட்டியலை ஒன்றிலும் பழைய பட்டியலை மற்றொன்றிலும் போட்டால் வெல்வது பட்டியலாகத்தான் இருக்கும். அளக்க வேண்டியது அழைப்புகளின் எண்ணிக்கையை அல்ல; ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடத்தைத் தாண்டிய உரையாடல்கள் எத்தனை, அவற்றில் அடுத்த சந்திப்புக்கு ஒப்புக்கொண்டவர்கள் எத்தனை என்பதை. கூடவே, எடுப்பவர்களின் விகிதம் முதல் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இடையே எப்படி மாறுகிறது என்றும் பார்க்க வேண்டும். எண்கள் ஸ்பேம் பட்டியலில் ஏறத் தொடங்கினால் அது முதலில் அங்கேதான் தெரியும், ஒரு வாரச் சோதனையில் அது தென்படாமலே போகக்கூடும்.

கையெழுத்திடும் முன் இன்னும் ஒரு சோதனை. சோதனைக் கணக்கிலிருந்தே அழைப்புப் பதிவுகள், குறிப்புகள், "அழைக்க வேண்டாம்" பட்டியல் மூன்றையும் சாதாரண அட்டவணைக் கோப்பாக இறக்கிப் பாருங்கள். வாங்கும் எண்கள் உங்கள் பெயரில் இருக்குமா, வேறு சேவையாளருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணை விட்டுத்தர மறுக்கும் சேவையிலிருந்து பின்னாளில் வெளியேறினால், வாடிக்கையாளர்கள் திருப்பி அழைப்பது உங்களுக்குச் சொந்தமில்லாத எண்ணுக்கு.